வான் பலகை

ஆத்தியடிக்குளத்தில் எட்டு அன்னங்கள் மிதந்தன. எட்டும் பிளாஸ்டிக். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து காலால் மிதித்தால் ஓடும். அவை ஓடுவதற்குத் தண்ணீர் எப்போதும் நெஞ்சளவுக்கு நிற்க வேண்டும் என்று படகு விற்றவன் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் குளத்துக்கு நடந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்துதான் தொடங்கியது.

அதற்கு முன் அது நூற்றிருபது ஏக்கர் வேளாண்மைக்குத் தண்ணீர் கொடுத்த சின்னக் குளம். கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதிலிருந்து மேற்கே, வயல் நடுவே போகும் செம்மண் கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் இருபது நிமிஷம். கிழக்குப் பக்கம் மட்டும் பன்னிரண்டு அடி உயரத்தில் மண்கட்டு. கட்டின் தெற்கு முனையில் வான். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்காகக் கட்டைவிட மூன்றடி தாழ்த்திக் கட்டிய சீமெந்து வாசல் அது. அந்த மூன்றடிதான் கட்டின் உயிர்.

பிரதேச சபை குளத்தைப் பொறுப்பெடுத்துக் குடும்பப் பூங்கா ஆக்கியபோது வானின் வாயில் இரண்டடிக்குப் பலகை அடித்து, பின்னால் மண்மூட்டை அடுக்கினார்கள். அன்னம் தரை தட்டக் கூடாது. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசின் மேல், நின்று படம் பிடிப்பதற்குச் சீமெந்தில் ஒரு சிவப்பு இதயம் கட்டினார்கள். துருசைத் திறக்கிற இரும்புத் தண்டு இதயத்துக்குள் போய்விட்டது. கோடையில் சிறுபோகம் செய்தவர்கள் கேட்டதற்கு, வேறு வாய்க்காலால் தண்ணீர் வரும் என்றார்கள். இரண்டு வருஷமாகச் சிறுபோகம் இல்லை. கட்டில் நின்ற பெரிய மருத மரம் பொழுது படுகிற காட்சியை மறைக்கிறது என்று அதையும் வெட்டினார்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க யாருக்கும் நேரமில்லை. அதன் மேலேயே நிறக் கல் பதித்தார்கள்.

காலிதீனுக்குச் சப்பாத்துக் கொடுத்தார்கள்.

காலிதீன் பன்னிரண்டு வருஷம் அந்த வயல்வெளிக்கு வட்டை விதானையாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வதும் குளத்தைப் பார்த்துக்கொள்வதும் விதானையின் வேலை. விடியச் சுபஹு தொழுத கையோடு சாரனை மடித்துக் கட்டி, கட்டின் அடியில் வெறுங்காலோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார். பார்க்கிறது கண்ணல்ல, கால். பனியின் ஈரம் விரலிடுக்கோடு நிற்கும், குளத்தின் ஈரம் உள்ளங்காலைப் பிடித்துக்கொள்ளும் என்பார். அவருக்கு முன் இருந்த விதானைமாரும் அப்படித்தான் நடந்தார்கள்.

பூங்கா வந்ததும் விதானைப் பதவி போயிற்று. சபை அவரைக் காவலாளியாக எடுத்தது. நீலச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, விசில், கறுப்புச் சப்பாத்து. ஐம்பத்து நாலு வயதில் முதல்தடவையாக மாதச் சம்பளம். அவர் சப்பாத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. மினுக்கினார். மனைவி ஹப்ஸாவைக் கூப்பிட்டுக் காட்டினார். விடிய நடப்பதை அவர் விடவில்லை, அது உண்மை. சப்பாத்தோடு நடந்தார்.

அவர்களுடைய வீடு கட்டுக்குக் கீழே, முந்நூறு மீற்றர் தள்ளி. பக்கத்தில் இன்னும் இரண்டு வீடு. மூன்று குடும்பமும் சுனாமிக்குப் பிறகு கடற்கரையை விட்டு மேற்கே வந்தவை. கடல் தெரியாத இடத்தில் வீடு வேண்டுமென்று ஹப்ஸாதான் பிடிவாதமாக நின்றாள். கடல் தெரியவில்லை. குளத்துத் தண்ணீர் வீட்டு ஓட்டுக்குச் சரிமட்டத்தில் நின்றது.

புரட்டாதி மாதம். பூங்காவில் புல் வெட்டுகிறவள் பூமணி, அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள். ஒருநாள் காலை கட்டின் அடியிலிருந்து காலிதீனைக் கூப்பிட்டாள்.

"நானா, இஞ்ச ஒருக்கா வாங்க."

"என்ன பூமணி, பாம்பா?"

"பாம்பெண்டா உங்களையா கூப்பிடுவன்? இந்தப் புல்லப் பாருங்க. எல்லா இடமும் கருகிக் கிடக்கு. இந்தத் துண்டு மட்டும் புதுமாப்பிள மாதிரி நிக்கி."

"மேல பூக்கண்டுக்குத் தண்ணி அடிக்காங்கதானே. வடிஞ்சிரிக்கும்."

"பூக்கண்டு அந்தத் தொங்கல்ல. தண்ணி என்ன சைக்கிள் ஏறியா வந்த? சப்பாத்தக் கழட்டிப்போட்டு மிதிச்சிப் பாருங்க."

நாடா அவிழ்க்க நேரமெடுத்தது. காலிதீன் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, புல்லில் கால் வைத்தார். வைத்த காலை எடுக்கவில்லை. மேலே பார்த்தார். வெட்டின மருத மரம் நின்ற இடத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"எத்தின நாளா இப்பிடி?"

"ஒரு மாசத்துக்கு மேல இரிக்கும்."

"ஏன்டி சொல்லல்ல?"

"நீங்கதானே தினம் விடிய நடக்கிற. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். வெள்ளைக் கால். இரண்டு வருஷம் வெயில் படாத கால். பூமணி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

பூங்கா முகாமையாளன் நிப்றாஸ் கல்முனைப் பெடியன். முப்பது வயது, மரியாதையானவன், மூத்தவர்களை அண்ணன் முறையில் காக்கா என்பான், யாரையும் ஏசமாட்டான். அதுதான் அவனோடு கதைக்கிறதில் உள்ள கஷ்டம்.

"காக்கா இருங்க. பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்க வரல்ல தம்பி. கட்டு கசியிது. மருத மரத்து வேர் உள்ளுக்க உக்கிப் போச்சி. வேர் கிடந்த ஓட்டையால தண்ணி வழி புடிக்குது. இப்ப தெளிஞ்ச தண்ணி, கொஞ்சமா வருது. மாரி தொடங்க முதல் வான் பலகைய எடுக்கோணும்."

"எவ்வளவு வருது காக்கா?"

"ஈரம்தான் இப்ப."

"ஈரத்துக்குப் பலகைய எடுக்கிறெண்டா, மழை பெய்தா குளத்தையே எடுக்கச் சொல்லுவீங்க போல." சிரித்தான். "ஜனவரி ஒண்டாந் திகதி புதுப் படகு திறப்பு. பெரிய ஆள் வாறார். தண்ணிய இறக்கினா அவர் சேத்துக்குள்ள நிண்டா ரிபன் வெட்டுற?"

"கட்டு போனா ரிபன் வெட்ட ஆள் வராது தம்பி."

"எழுத்தில தாங்க காக்கா. நான் மேல அனுப்புறன்."

எழுத்தில் கொடுப்பதற்கு வீட்டில் ஆள் இருந்தது. மகள் ஸில்மியா அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. புவியியலில் சிறப்புப் பட்டம். நாலு வருஷம் வேலையில்லாமல் இருந்து, கடைசியில் அதே சபையில் பயிலுநராக எடுத்திருந்தார்கள். வருகிற கடிதங்களைப் பிரித்து, திகதி முத்திரை குத்தி, கோப்பில் போடுவது வேலை. மண்ணரிப்புப் பற்றி நூற்றிருபது பக்கம் ஆய்வு எழுதினவளுக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரு றப்பர் முத்திரை.

வாப்பா சொல்லச் சொல்ல, அவள் கட்டின் படம் கீறி, அளவு போட்டு, மூன்று பக்கம் எழுதினாள். ஒன்று சபைக்கு, ஒன்று நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. சபைக்கு வந்த கடிதத்தை மறுநாள் அவளே பிரித்து, அவளே முத்திரை குத்தினாள். இரண்டு கிழமையில் சபை பதில் எழுதியது: அணைக்கட்டு தொழில்நுட்ப விடயம், திணைக்களத்தைக் கேட்கவும். திணைக்களமும் எழுதியது: குளம் சபையிடம் கையளிக்கப்பட்டுவிட்டது, சபையைக் கேட்கவும். கோப்புக்கு வந்த அந்த இரண்டின் பிரதிக்கும் முத்திரை அவள்தான்.

"நல்லா விளங்கின ஆக்கள்தான்," என்றார் காலிதீன். "ரெண்டு பக்கமும் பிழை இல்லாம எழுதியிரிக்காங்க."

"ஓம் வாப்பா. ஒரு எழுத்துப் பிழையும் இல்ல," என்றாள் ஸில்மியா.

டிசம்பர் நடுவில் ஒரு பின்னேரம் ஹப்ஸாவின் தம்பி பளீல் வந்தான். ஹப்ஸா பூங்கா வாசலில் கடலை விற்கிறவள். ஊறின கடலை அடுப்பில் அவிந்துகொண்டிருந்தது. பளீல் குசினி வாசலில் குந்தி, ஒரு கோப்பையில் கடலையும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தின்றான். சாய்ந்தமருதில் மகள் ஸம்றாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தான். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் அந்தப் பக்கத்தில் கல்யாணம் இல்லை. சுவர் எழும்பி நின்றது. கூரைக்கு இந்தப் போக நெல் வேளாண்மையைத்தான் நம்பியிருந்தான். அந்த வேளாண்மை நின்ற இடம், வானால் வழிகிற தண்ணீர் போகும் வான் ஆறு. பலகை அடித்த பிறகு வான் பாயவில்லை, ஆற்றுப் படுகை காய்ந்து கிடந்தது. பளீல் அதை வரம்பு கட்டி வயலாக்கிவிட்டான்.

"மச்சான், பலகைய எடுக்கச் சொல்லி எழுதியிரிக்கீங்களாம். ஊரெல்லாம் கதைக்கிது," என்றான்.

"ஓம்."

"என்ர வேளாண்மை கதிர் வெளிய வாற நேரம்."

"ஆத்துக்குள்ள வெதச்சது ஆர்?"

"ஆறா? ரெண்டு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி வரல்ல. அது என்ன ஆறு?"

"பலகை அடிச்சதால வரல்ல."

"அதத்தான் நானும் சொல்றன். பலகை இரிக்கட்டும்."

ஹப்ஸா அகப்பையை மூடியின் மேல் வைத்தாள். "உனக்குத் தண்ணி வாறத்துக்கு வழி வேணாம். எங்கட வீட்டுக்கு மேல குளத்தத் தூக்கி வெச்சா காணும். நல்லாத் தின்னு."

"ராத்தா, கட்டு அறுவது வருஷமா நிக்கி. மச்சானுக்கு விதானை வேலை போன கவலை. அத விட்டு வேற ஒண்டுமில்ல." எழும்பினான். "கடலைக்கு உப்புக் காணாது."

கிறிஸ்மஸ் முடிந்து கடலில் தாழமுக்கம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை தொடங்கின மழை வெள்ளி வரைக்கும் விடவில்லை. வீட்டுக்குள் விறகு புகைந்தது, அரிசி மா பூத்தது, ஆட்டைக் குசினிக்குள் கட்டினார்கள். காலிதீன் சப்பாத்தைக் கதவு மூலையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஒரு நாளைக்கு ஐந்து தடவை கட்டின் அடிக்குப் போய் வந்தார். ஈரம் ஊற்றாகி, ஊற்று விரல் பருமனாகியது. ஆனால் தெளிவாக வந்தது. தெளிந்த தண்ணீர் வந்தால் குளம் கசிகிறது. கலங்கி வந்தால் கட்டின் மண்ணை உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. விதானைமார் கண்ணுக்கு வைத்திருந்த ஒரே வேலை அதைப் பார்ப்பதுதான்.

வெள்ளி காலை பதினொன்றரை. ஜும்ஆத் தொழுகைக்காகப் பூங்காவைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். காலிதீன் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்தி, பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். ஊற்று கைப் பருமனாகியிருந்தது. பால் தேத்தண்ணி நிறம். ஓட்டையைச் சுற்றி எறும்புப் புற்றுப் போல மண் குவிந்திருந்தது.

அவர் ஓடி வந்தது ஹப்ஸாவுக்குக் கேட்டது. அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததில்லை.

"கலங்கிட்டு."

அன்றைக்கு வீதியில் வெள்ளம், பஸ் இல்லை, ஸில்மியா வீட்டில் நின்றாள். நிப்றாஸின் தொலைபேசி நிறுத்தி வைத்திருந்தது. பள்ளிக்குள் இருப்பான். சபையில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பொலிஸில் எடுத்தார்கள், சபைக்குச் சொல்லச் சொன்னார்கள். ஸில்மியா பக்கத்து இரண்டு வீட்டுக்கும் ஓடி, பெண்களையும் பிள்ளைகளையும் பாடசாலை மேட்டுக்குப் போகச் சொன்னாள். பிறகு வெறும் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊற்றடிக்குப் போனாள். போத்தலை நிரப்பி மூடியை இறுக்கினாள். "நாளைக்கு இல்லையெண்டு சொல்லுவாங்க. கையில இரிக்கோணும்," என்றாள்.

காலிதீன் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வானுக்குப் போனார். ஹப்ஸா ஆட்டுக் கயிற்றோடு பின்னால் போனாள், கொட்டிலில் மழைக்கு ஒதுங்கி நின்ற பூமணியும் வந்தாள். பலகையின் மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் முட்டி நின்றது. காலிதீன் அலவாங்கைப் பலகை இடுக்கில் கொடுத்தார். கொடுத்தவர் அப்படியே நின்றார். கீழே, வான் ஆற்றுக்குள், பளீலின் வேளாண்மை இளங்கதிரோடு மழையில் தலை சாய்ந்து நின்றது.

"என்ன பாக்கிறீங்க?" என்றாள் ஹப்ஸா.

"பளீல்ர கதிர்."

"தெரியும்."

"ஸம்றாட கூரை அது. நான் அவன்ர முகத்தில எப்பிடிகா முழிக்கிற?"

"அவன் என்ர தம்பி. நீங்க முழிக்க வேணாம், நான் முழிக்கிறன். கொண்டாங்க அத."

அலவாங்கை வாங்கி அவள்தான் முதல் பலகையைக் கிளப்பினாள். நாலு அங்குல ஆணி, துரு ஏறி இறுகியிருந்தது. பலகை முனகியது. காலிதீனுக்கு அதற்குப் பிறகுதான் கை வந்தது. ஆடு கட்டுகிற கயிற்றை அவருடைய இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கைப்பிடிச் சுவரில் சுற்றிப் பூமணி பிடித்தாள். போத்தலோடு வந்து சேர்ந்த ஸில்மியா மண்மூட்டைகளை இழுத்து உருட்டினாள். இரண்டாவது பலகை போனதும் மூன்றாவதைத் தண்ணீரே பிடுங்கிக்கொண்டது.

தண்ணீர் போன சத்தத்தில் பள்ளி ஒலிபெருக்கி கேட்கவில்லை. ஹப்ஸா கண்ணை மூடவில்லை. பச்சை முதலில் படுத்தது. பிறகு மண்ணிறமானது. பிறகு அங்கே வயல் என்று ஒன்று இருந்ததற்கு வரம்பு முனை ஒன்றுதான் சாட்சி.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரும்போது குளம் ஒரு முழம் இறங்கியிருந்தது. பளீல் தொப்பியோடு வந்து வானடியில் நின்றான். ஆற்றைப் பார்த்தான். கூட வந்த நாலு பேர் கழற்றிக் கிடந்த பலகையைப் பார்த்தார்கள்.

"ஜும்ஆ நேரம் பாத்தா மச்சான்?" என்றான். சத்தம் போடவில்லை. "எல்லாரும் அல்லாஹ்ட வீட்டுல இரிக்கக்குள்ள?"

"கட்டு போயிருக்கும் பளீல். வா, வந்து பாரு. கலங்கி..."

"எங்க போன? நிக்கிதே. இந்தா நிக்கிது." கட்டில் காலால் உதைத்தான். "உடைஞ்ச இடத்தக் காட்டுங்க, நான் வாய மூடிட்டுப் போறன்."

"உடைஞ்சிருந்தா காட்டுறத்துக்கு நாங்க இரிக்க மாட்டம் மாமா," என்றாள் ஸில்மியா.

"நீ கதையாத. கம்பஸ்ல படிச்சி வந்து மாமன்ட வயித்துல அடிச்ச புள்ள நீ."

"அவ அடிக்கல்ல," ஹப்ஸா முன்னால் வந்தாள். முழங்கை வரை சேறு. "நான்தான் முதல் பலகை கழட்டின. என்னோட கதை."

பளீல் அவளைப் பார்த்தான். "ராத்தா," என்றான், பிறகு திரும்பிப் போனான். ஏசியிருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பின்னேரம் அஸருக்கு ஊற்று மெலிந்தது. சனிக்கிழமை தெளிந்தது. ஞாயிறு நின்றது. கட்டு அசையவில்லை. கரையோரம் கட்டியிருந்த அன்னங்கள் எட்டும் சேற்றில் சரிந்து ஒன்றின் மேல் ஒன்று கழுத்தைப் போட்டுக் கிடந்தன. நிப்றாஸ் ஒவ்வொன்றையும் படம் எடுத்தான். ஜனவரி ஒன்றாந் திகதி பெரிய ஆள் வரவில்லை.

பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தல், கடமையைத் துஷ்பிரயோகம் செய்தல். குற்றப்பத்திரத்தை யார் தட்டச்சுச் செய்வது என்று சபையில் கொஞ்சம் யோசித்தார்கள். தமிழில் பிழையில்லாமல் அடிக்கிறவள் ஸில்மியா ஒருத்திதான். நிரந்தர நியமனம் அடுத்த மாதம் என்று செயலாளர் ஞாபகப்படுத்தினார். அவள் அடித்தாள். 'காலிதீன்' என்கிற பெயரை ஏழு இடத்தில் அடித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. வாப்பா கேட்டார், "எழுத்துப் பிழை விட்டயா?" இல்லை என்றாள். "அப்ப தின்னு," என்றார்.

விசாரணை மூன்று கிழமைக்குப் பிறகு. வந்த அதிகாரி ஓய்வு பெற்றவர், மெல்லக் கதைப்பவர், நல்ல மனிதர் என்று சொன்னார்கள். முதலில் கட்டைப் பார்க்கப் போனார்கள். குளத்தில் பாதித் தண்ணீர். ஊற்று இருந்த இடம் காய்ந்து, வெடித்து, அதில் ஒரு ஓணான் இருந்தது.

"இதா இடம்?"

"இதுதான் சேர்."

"ம்."

பிறகு சபை மண்டபம். ஒரு பக்கம் நிப்றாஸும் நாலு விவசாயிகளும், அதில் பளீல். மறுபக்கம் காலிதீன், பின்னால் ஹப்ஸா. ஸில்மியா ஊழியர் வரிசையில் இருந்தாள். சாட்சி ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டபோது எழும்பி வந்தாள். காலையில் வந்து சுவரோரம் நிறுத்தியிருந்த கைப்பைக்குள்ளிருந்து சோடாப் போத்தலை மெதுவாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு ஊத்தில வந்த தண்ணி இது சேர். கலங்கல். கட்டின்ர மண் இதுக்குள்ள இரிக்கி."

அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் போத்தலைப் பார்த்தார். மண்டபமே பார்த்தது. மூன்று கிழமை வீட்டு அலுமாரியின் மேல் அசையாமல் நின்ற போத்தல். ஹப்ஸா வெள்ளிக்கு வெள்ளி தூசி தட்டி அதே இடத்தில் பத்திரமாக வைத்தாள். உள்ளே தண்ணீர் பளிங்கு போல நின்றது. அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மண் படிந்திருந்தது.

"இதுவா தங்கச்சி கலங்கல்? நல்லாத் தெளிஞ்சுதானே இரிக்கி."

மண் கரைத்த தண்ணீரை வைத்தால் தெளியும். அது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் தண்ணீரைக் காலால் படித்தவருக்கும், மண்ணரிப்புப் பற்றி ஆய்வு எழுதினவளுக்கும் அது ஞாபகம் வரவில்லை. கலங்கல் கலங்கலாகவே காத்திருக்கும் என்று நம்பி அலுமாரி மேல் வைத்தார்கள்.

"அடியப் பாருங்க சேர், மண் இரிக்கி." ஸில்மியா போத்தலை எடுத்துக் குலுக்கினாள். தண்ணீர் அன்றைக்கு வந்த அதே நிறத்துக்குத் திரும்பியது. "இந்தா. இப்பிடித்தான் வந்த."

அதிகாரி கோபிக்கவில்லை. "குலுக்கினா எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியும் கலங்கும், தங்கச்சி."

விவசாயிகள் வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பளீல் மட்டும் சிரிக்கவில்லை, அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதுவினைஞர் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். சாட்சியாகப் பதியவில்லை.

காலிதீனுக்கு வேலை போனது. பொலிஸில் வழக்கு. ஜும்ஆவை ஏன் விட்டார் என்று பள்ளியில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சப்பாத்தை, விசிலை, சட்டையைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். ஸம்றாவின் கல்யாணம் எட்டு மாதம் தள்ளிப் போய்த் தகரக் கூரையோடு நடந்தது. ஹப்ஸாவுக்குச் சொல்லவில்லை. வட்டிலப்பமும் சோறும் மட்டும் ஒரு வாளியில் யாரோ கொண்டுவந்து வேலிக் கடப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் வாளியைக் கழுவி, வெறும் வாளி கொடுக்கக் கூடாது என்று அதற்குள் கடலை போட்டு அனுப்பினாள். வாளி திரும்பி வந்தது, கடலையோடு.

சபை திருத்த வேலை செய்தது. வான் வாயில் பலகைக்குப் பதிலாக இரண்டரை அடிக்குக் கொங்கிறீற் போட்டது. இனி யாரும் கழற்ற ஏலாது என்று நிப்றாஸ் சொன்னான். பளீல் வான் ஆற்றில் திரும்பவும் விதைத்தான். கோடையில் குளம் வற்றவிடாமல் வெளியிலிருந்து குழாய் போட்டு நிரப்பினார்கள். மருத மரம் நின்ற இடத்துக்குக் கீழே அந்தப் புல் திரும்பவும் பச்சையானது, திரும்பவும் ஊறியது. காலிதீன் சொன்னதை இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், அங்கே தண்ணீர் வருகிறது. வட்டமாக வெட்டி, நீல ஓடு பதித்து, கூழாங்கல் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாக மீன் விட்டார்கள். 'இயற்கை நீரூற்று' என்று மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்து முகம் கழுவினார்கள். சிலர் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

தொட்டி கழுவுகிற வேலை பூமணிக்கு.

மார்கழி வந்தது. மழை வந்தது. விடுமுறைக் காலம், இரண்டு நாள் வெயில் தெரிந்த உடனே சனம் குவிந்தது. ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் பூமணி கையில் வாளியோடு கடப்பைத் திறந்துகொண்டு வந்தாள். ஹப்ஸா வாசலில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். காலிதீன் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, மீன் தெரியிதில்ல."

சுளகு நின்றது.

"செத்துப் போச்சா?"

"இல்ல. உள்ளுக்க ஓடுது. கை வெச்சா முட்டுது. கண்ணுக்குத் தெரியிதில்ல."

"என்ன நிறம்?" என்றார் காலிதீன்.

பூமணி வாளியைச் சரித்துக் காட்டினாள். பால் தேத்தண்ணி.

"முகாமையாளர்ட்ட சொன்னயா?"

"சொன்னன். மீனுக்கு என்னவோ வருத்தமாம். தொட்டியக் கழுவி வேற தண்ணி நிரப்பட்டாம். நாளைக்கு மருந்து கொண்டாறாராம்."

காலிதீன் நிலத்தில் உட்கார்ந்தார். அலவாங்கு சுவரோடு சாய்ந்து நின்றது. கொங்கிறீற்றில் அதைக் கொண்டுபோய் என்ன செய்கிறது. ஸில்மியா உள்ளேயிருந்து வந்து வாளியைப் பார்த்தாள். இந்தத் தடவை போத்தல் தேடவில்லை. நேரே பக்கத்து வீடுகளுக்குப் போனாள்.

ஹப்ஸா கடலையை அப்படியே சுளகோடு வைத்தாள். அடையாள அட்டை, காணி உறுதி, இரண்டு சாரன், மருந்து. ஒரு பையில் எல்லாம் அடங்கியது. பிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. இரண்டாம் மணியில் அவன் எடுத்தான்.

"பளீல், ராத்தா கதைக்கன். ஆத்துக்குள்ள நிண்டா வெளிய வா."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். அவன் வயலில்தான் நின்றானா, கேட்டானா என்று அவளுக்குத் தெரியாது.

கட்டை ஒட்டின பாதையால் ஆட்டையும் இழுத்துக்கொண்டு மூன்று குடும்பமும் பாடசாலை மேட்டுக்கு நடந்தார்கள். மேலே அன்னங்கள் எட்டும் ஓடின. பிள்ளைகள் கத்தினார்கள். சிவப்பு இதயத்தில் புதுத் தம்பதி ஒன்று நின்று படம் பிடித்தது. காலிதீன் கீழே நின்று கைகளை வாயில் குவித்து, கட்டு போகப் போகிறது, எல்லோரும் மேட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். பல பேர் அவரை அடையாளம் கண்டார்கள். போன வருஷம் பலகை உடைத்த ஆள் என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னான். ஒரு பெண் தன் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

புதுக் காவலாளி நிறக் கல்லின் மேல் நடந்து வந்தான். நாற்பது வயது இருக்கும், இதற்கு முன் கூலி வேலை செய்தவன். நீலச் சட்டை, விசில். சப்பாத்து மினுங்கியது.

"காக்கா, கரைச்சல் பண்ணாதீங்க. ஆக்கள் பயப்படுறாங்க. என்ன, ஆட்டோடயும் பையோடயும்? எங்க பயணம்?"

"தம்பி," என்றார் காலிதீன், "அந்தச் சப்பாத்தக் கழட்டிப்போட்டு ஒருக்கா கீழ இறங்கி வா."

அவன் தன் காலைப் பார்த்தான். பிறகு முகாமையாளர் அறை இருந்த பக்கம் பார்த்தான்.

"கழட்டினா ஏசுவாங்க காக்கா," என்றான்.